கால்வாய்க் கரைக் கிழங்கு

முள்ளிப்பட்டில் வீரபாகுவை இரண்டு விஷயங்களுக்காக எல்லாரும் அறிவார்கள். ஒன்று, அவர் நெய்யும் சேலையில் பிசிறு இருக்காது. மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சமையல். வாரம் ஆறு நாளும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர், ஏழாம் நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். மனைவி சாவித்திரிக்கு அன்று அங்கே வேலையில்லை.

தெரிந்ததைச் சமைப்பதில் அவருக்கு ருசியில்லை. ஆரணி மார்க்கெட்டில் யாரும் தொடாத காய் ஏதாவது வந்தால் முதலில் வாங்குகிறவர் அவர்தான். சமைத்ததைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டு எல்லப்பனுக்குப் போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் ஒரு தறி, அந்தப் பக்கம் ஒரு தறி. எல்லப்பன் கிண்ணத்தை வழித்துவிட்டுச் சுவரைத் தட்டுவான்.

"மாமா, உன்ன தறியில ஒக்கார வெச்சவன் எவன்? நீ ஓட்டல் வெக்க வேண்டிய ஆளு."

அந்தப் புரட்டாசியில் மழை முந்திக்கொண்டது. மாதம் முழுக்கக் கவுச்சி இல்லாததால் மூன்று ஞாயிறுகள் உருளையிலும் சேப்பங்கிழங்கிலும் கழிந்து வீரபாகுவுக்குச் சலித்துப்போயிருந்தது. நான்காவது சனிக்கிழமை சேத்துப்பட்டில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். சாலையோரம் ஏரிக் கால்வாயை ஜேசிபி விட்டுத் தூர்வாரியிருந்தார்கள். கரையில் புதர்கள் வேரோடு புரண்டு கிடந்தன. அந்த ஈர மண்ணில் வெளிர் பழுப்பாக எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். கிழங்கு. விரல் பருமன், ஒரு சாண் நீளம், நடுவில் முழங்கையைப் போல மடங்கியிருந்தது. சின்னக் கலப்பை போலவே இருந்தது. நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளை வெளேரென்று, பால் ஊறியதுபோல் ஈரம். கொடியெல்லாம் ஜேசிபி பல்லில் நசுங்கிக் கூழாகிவிட்டதால் இலையோ பூவோ இன்னதென்று தெரியவில்லை. போனில் படம் எடுத்துச் செடியின் பெயர் சொல்லும் செயலியில் போட்டார். வள்ளி இனமாக இருக்கலாம் என்றது அது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் காட்டினார்.

"இத இன்னான்னு சொல்லுவீங்கமா?"

"தெர்லியேங்க. நாங்க இத தின்னதில்ல."

அவள் ஆடுகளில் ஒன்று வந்து கிழங்கை மோந்தது. மோந்த மூக்கை உதறிக்கொண்டு, பின்னால் கால் வைத்து விலகிப் போனது. வீரபாகு அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் ஒரு கிலோ அளவுக்குப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாவித்திரி அதைக் கண்டு முகம் சுளித்தாள்.

"பேர் தெரியாதத எதுக்கு வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க?"

"வள்ளி வகைதான். போன்லயே காட்டிச்சி."

"போனா தின்னப் போவுது?"

அவர் சிரித்துக்கொண்டே கிழங்கைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, தோல் சீவி வேகவைத்தார். வெந்ததில் ஒரு துண்டை நுனி நாக்கில் வைத்ததும் சுருக்கென்று கசந்தது. கசப்பு போகாமல் நாக்கிலேயே நின்றது. தண்ணீரை வடித்துக் கொட்டினார், மறுபடி வேகவைத்தார். இப்போது கொஞ்சம் குறைந்திருந்தது. பாகற்காய் கசக்கவில்லையா, சுண்டைக்காய் கசக்கவில்லையா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, பூண்டு உரித்துப் போட்டு, கடைசியில் வெல்லமும் ஒரு கட்டி தட்டிப் போட்டார். குழம்பு எண்ணெய் பிரிந்து மினுமினுத்தது. கசப்பு இருந்த இடம் தெரியவில்லை. அதில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு அவர் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். சாவித்திரி இரண்டு துண்டு தின்றுவிட்டுத் தட்டோரம் ஒதுக்கினாள். எல்லப்பனின் மனைவி பொன்னம்மாள் மகளின் பிரசவத்துக்காகச் சேத்துப்பட்டு போயிருந்தாள். தனியாக இருக்கிறானே என்று அவனுக்குப் பெரிய கிண்ணமாகவே அனுப்பினார். அரை மணியில் சுவர் தட்டும் சத்தம் கேட்டது.

"மாமா! கறி தோத்துச்சி போ!"

நாலரை மணிக்கு வீரபாகுவுக்கு வயிறு கனத்தது. வாய் முழுக்க உமிழ்நீர் சுரந்துகொண்டே இருந்தது. கண் அயர்ந்தால் சரியாகும் என்று படுத்தபோது போன் அடித்தது. சாவித்திரியின் தம்பி இளஞ்செழியன். மூலனூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவன்.

"மாமா, ஸ்டேட்டஸ்ல ஒரு கெழங்கு போட்டிருக்கியே, அத சமைச்சிட்டியா?"

"சாப்ட்டே முடிச்சிட்டோம்."

 அவன் குரல் உடைந்து வந்தது.

"மாமா, அது கண்வலிக்கெழங்கு. செங்காந்தள் பூ இருக்குதே, அதோட கெழங்கு. இங்க மருந்து கம்பெனிக்கு வெதைய வண்டி வண்டியா ஏத்தறேன் நானு. தோட்டக்காரங்க அதத் தொட்ட கைய சோப்பு போட்டுக் கழுவாம சோத்துல வெக்க மாட்டாங்க. வெசம் மாமா. அக்கா தின்னிச்சா? ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே போங்க!"

வீரபாகு சுவரைப் பிடித்துக்கொண்டே எல்லப்பன் வீட்டுக்கு ஓடினார். எல்லப்பன் தறியில் இருந்தான்.

"எல்லப்பா, எழுந்துரு. நான் கொடுத்தது வெசக்கெழங்காம். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

எல்லப்பன் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"எனக்கு ஒண்ணும் ஆவலியே மாமா. ஏப்பம்கூட வர்ல. காலைல சேலைய அறுத்துக் கொடுக்கணும், ரெண்டு முழம் பாக்கி நிக்குது. நீங்க போங்க, எதனா ஒண்ணுன்னா நான் பின்னாலியே வர்றேன்."

கையைப் பிடித்து இழுத்தார். அவன் நகரவில்லை. அதற்குள் வீரபாகுவுக்குக் குமட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். சாவித்திரி கூப்பிட்ட ஆட்டோ வந்துவிட்டது. ஏறும்போது தறிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆரணி ஆஸ்பத்திரியில் குடலைக் கழுவி, 108 வண்டியில் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் டாக்டர் மறைக்காமல் சொன்னார்: "இதுக்குன்னு தனியா முறிவு மருந்து இல்லங்க. உடம்பு தாங்கற வரைக்கும் நாங்க கூட நிக்கலாம்." சாவித்திரி மறுநாளே எழுந்து உட்கார்ந்தாள். வீரபாகு வயிறு கிழிவதுபோல் இரண்டு நாள் கிடந்தார்.

எல்லப்பனை அன்று இரவு ஏழரை மணிக்குத்தான் ஆரணிக்குத் தூக்கி வந்து, அங்கிருந்து வேலூருக்கு அனுப்பியிருந்தார்கள். தறிக்குழிக்குள் சுருண்டு கிடந்தவனைப் பக்கத்துத் தெரு ஆள்தான் பார்த்திருக்கிறான். திங்கட்கிழமை அவன் பேசினான். செவ்வாய்க்கிழமை சிறுநீர் நின்றது. புதன்கிழமை விடியலில், இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த வீரபாகுவுக்கு, திரை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பொன்னம்மாளின் குரல் கேட்டது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்தேன் என்றார் வீரபாகு. அதில் பொய் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் தலைசீவும்போது சீப்போடு முடி கற்றையாக வந்தது. ஒரு வாரத்தில் புருவம்கூட மிஞ்சவில்லை. அந்த விஷம் உடம்பை விட்டுப் போகும்போது செய்கிற வேலை அது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெருவில் எல்லப்பனுக்காக மொட்டை போட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பொன்னம்மாள் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்கண்ணா. அது எப்பிடி இருந்திச்சி? கடைசியா அவரு ருசிச்சி தின்னது அதானே."

 நன்றாக இருந்தது என்று சொன்னால் போதும். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"கசந்துச்சிமா," என்றார். "மொதல்லியே கசந்துச்சி. நான்தான் புளியும் வெல்லமும் போட்டு மறைச்சேன். கால்வாக் கரையில ஆடுகூட மோந்துட்டு வுட்டுட்டுப் போச்சி. பார்த்துகினுதான் நின்னேன். இத போலீசுகிட்ட சொல்லல."

பொன்னம்மாள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். புருவம் இல்லாத அந்த முகத்தில் அவள் எதைத் தேடினாளோ.

"போயிடுங்க," என்றாள்.

மறுநாள் காலை அவர் ஸ்டேஷனுக்குப் போய், முன்பு சொல்லாமல் விட்டதையும் சொன்னார். ரைட்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். விபத்து என்றே கேஸ் முடிந்தது. பொன்னம்மாள் அவரோடு பேசவில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் இல்லாத வீட்டை ஒட்டி அவர் நெய்துகொண்டிருந்தார். கிழங்கு என்ற சொல்லையே சாவித்திரி எடுப்பதில்லை.

தை பிறந்ததும் பொன்னம்மாள் மகளோடு இருக்கச் சேத்துப்பட்டுக்குக் கிளம்பினாள். தறியைப் பிரித்து ஏற்ற ஒரு மினி லாரி வந்து நின்றது. டிரைவரும் இன்னொருவனும் தறிமரத்தைத் தூக்க முடியாமல் திணறினார்கள். வீரபாகு வாசலில் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே போய் ஒரு முனையைப் பிடித்தார். பொன்னம்மாள் தடுக்கவில்லை. படி இறங்கும்போது மரம் அவர் பக்கம் சாய்ந்தது.

"பாத்து, பாத்து! கால் மேல வுட்டுக்காதீங்க!" என்று கத்தினாள்.

கத்தியபின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மரத்தை ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் லாரியில் ஏறி உட்கார்ந்தாள்; அது தெருமுனையில் திரும்பும் வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.