குட்டியின் அளவுக்கு ஒரு மலைச் சைக்கிள்

கூடத்திலிருந்து "கிறீச்... கிறீச்..." என்று சத்தம் வந்தது. தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள் குட்டி. அவளுடைய புதுச் சைக்கிள் அப்படிக் கத்தாது. அது பின் வராந்தாவில், பழைய போர்வைக்குள், வாயைத் திறக்காமல் நிற்கிறது.

"குட்டி! வெளிய வா. அண்ணன் என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு!"

நாற்பத்து மூன்று வயதுக்காரியைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் ஒருவருக்குத்தான் தைரியம் உண்டு. ஓடினாள். கூடத்தின் நடுவே யானைக்குட்டி போல ஒரு கறுப்புச் சைக்கிள் நின்றது. அண்ணன் மகன் ஓட்டிக் கழித்தது.

"நீ மலையில ஓட்டுற சைக்கிள் வாங்கிட்டியாமே, அக்கா சொன்னா. அதைக் கடையில திருப்பிக் குடுத்துடு. பையன் இதைத் தொடுறதே இல்ல. சும்மா இரும்பு மாதிரி இருக்கு!"

"இரும்புதான் மச்சான்" என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். "வாசப்படி ஏத்துறப்பவே என் இடுப்புக்குத் தெரிஞ்சுது."

அண்ணன் சிரித்தார். குட்டிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்பா போனபோது அவளுக்கு நாலு வயது. படிப்பை விட்டு வேலைக்குப் போய் இரண்டு தங்கைகளை வளர்த்தவர் இந்த அண்ணன். அவர் சட்டை அக்காவுக்குப் பாவாடைச் சட்டையாகும். அக்காவுக்குச் சிறுத்ததும் குட்டிக்கு வரும். தோள் தொங்கும், கை மறைக்கும். "பிடிச்சுக்கலாம்" என்பாள் அம்மா, ஊசியைக் கோத்தபடி. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தால் எதுவும் யாருக்கும் ஆகிவிடும் அல்லவா?

அந்தச் சொல்லே குட்டிக்குத் தொழிலாயிற்று. இன்றும் பெரிய துணிக்கடை ஒன்றில் ஆல்ட்ரேஷன் மேசை அவளுடையது. அந்தச் சொல்லே வாழ்க்கையும் ஆயிற்று. வீடு நெரிசலா? பிடிச்சுக்கலாம். தலைவலியா? பிடிச்சுக்கலாம். ஏன், மாப்பிள்ளையே அக்காவுக்குப் பார்த்து ஒத்துவராமல் போனவர்! "என்னையும் ரெண்டு பக்கம் பிடிச்சுத்தான் தைச்சா" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார் அவர்.

அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசையை விதைத்தது ஒரு கிழிந்த முழங்கால். அவள் வயதுப் பெண் ஒருத்தி சைக்கிள் ஓட்டும் பேன்ட்டைத் தைக்கக் கொடுத்தாள்.

"எங்க விழுந்தீங்க?"

"மலைப்பாதையில."

"ஐயோ! இனிமே போக மாட்டீங்கல்ல?"

"அதுக்குத்தானே தைக்கக் குடுக்குறேன்?"

அந்தப் பதில் குட்டியைத் தூங்கவிடவில்லை. கணவரின் ஓட்டைச் சைக்கிளில், காலி மைதானத்தில், விழுந்து எழுந்து ஓட்டக் கற்றாள். பிறகு ஒருநாள், தனியாகச் சைக்கிள் கடைக்குப் போனாள்.

கண்ணில் பட்ட முதல் சைக்கிள் உயரமானது, பளபளப்பானது. ஏறினாள். கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது.

"பிடிச்சிருக்கா?" என்றார் கடைக்காரர்.

"பிடிச்சுக்கலாம்" என்றாள் பழக்கதோஷத்தில்.

"என்னது?"

"சீட்டை இறக்கி... பிடிச்சுக்கலாம்ல?"

"சீட்டை இறக்கலாம்மா. சட்டத்தை எப்படிப் பிடிப்பீங்க, ஊசி நூல் வச்சா?"

அவள் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஏற்றினாள். பாதியில் நின்றது, கால் ஊன்றப் பார்த்தாள், தரை எட்டவில்லை. மூட்டையைப் போலச் சரிந்தாள்.

கடைக்காரர் தூக்கிவிட்டு, சின்னச் சட்டமுள்ள சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்சக்கரத்தில் மட்டும் ஸ்பிரிங். "பழகுறவங்களுக்கு இது போதும். பின்னாடியும் ஸ்பிரிங் வச்சா கனம்தான் மிச்சம்." இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. கைகள் தாமாகவே பிடியில் போய் உட்கார்ந்தன. தொங்கவில்லை. இடிக்கவில்லை. தன் உடம்பின் அளவுக்கே ஒரு பொருள் இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இப்ப சொல்லுங்க."

"பிடிச்சிருக்கு" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சைக்கிளைத்தான் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் அண்ணன்!

"அண்ணா... இது எனக்குப் பெருசு."

"பெருசா இருந்தா என்ன? பிடிச்சுக்கலாம்!"

"இல்லண்ணா. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"அப்ப நான் குடுத்தா உனக்கு ஆகாதா? இத்தனை வருஷம் குடுத்ததெல்லாம் ஆச்சே?" அண்ணனின் குரல் உடைந்தது. குட்டி தலை குனியவில்லை.

அண்ணன் ஜன்னல் வழியே கையை நீட்டினார். எதிரே தண்ணீர்த்தொட்டி மேடு. கல்லும் மண்ணுமாக ஒற்றையடிப் பாதை. "சரி. அதுல ஏறிக் காட்டு. ஏறிட்டா உன் சைக்கிள் இருக்கட்டும். இறங்கித் தள்ளினா நாளைக்கே கடைக்குப் போகணும்."

கணவர் திடுக்கிட்டார். அந்த மேட்டின் பாதியைத் தாண்டி அவள் ஒருநாளும் ஏறியதில்லை. அது அண்ணனுக்குத் தெரியாது.

"சரி" என்றாள் குட்டி.

போர்வை விலகியது. மேடு தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றினாள். இதுவரை மூச்சு முட்டிய பிறகு மாற்றியதுதான் தப்பு. பாதி வந்தது. வழக்கமாக நிற்கும் அந்தக் கல் வந்தது. முன்சக்கரம் எம்பியது!

"விழப்போறா! மாப்பிள்ளை, பிடிங்க!" என்று அலறினார் அண்ணன்.

"யாரும் பிடிக்க வேணாம்!" மேலிருந்து அவள் குரல் வந்தது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, ஒரு மிதி... இன்னொரு மிதி... கல் பின்னால் போயிற்று. தொட்டியின் சுவரை அவள் கை தொட்டபோது, கணவர் தெருவில் நின்று விசிலடித்தார். இறங்கும்போது உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, காற்றாய் வந்து, அண்ணனின் செருப்பு நுனியில் பிரேக் போட்டாள்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை உயர்ந்தபோதுதான் குட்டி கவனித்தாள்: சட்டை அவர் தோளில் தொங்கியது. எவ்வளவு இளைத்துவிட்டார்!

"கழட்டுங்கண்ணா, அந்தச் சட்டையை."

"எதுக்கு?"

"பிடிச்சுத் தரேன்."

மெஷின் ஓடியது. போட்டுப் பார்த்தார், தோள் தோளில் நின்றது. அதற்குள் கணவர் மெஷினுக்குப் போடும் எண்ணெயைக் கறுப்புச் சைக்கிளின் சங்கிலிக்கு விட்டிருந்தார். அண்ணன் வாசலில் அதில் ஏறி உட்கார்ந்தார். நெட்டை மனிதருக்கு நெட்டைச் சட்டம்.

"இது உங்க அளவுண்ணா. நீங்களே ஓட்டுங்க."

"ஏன் குட்டி, உன்னுது எனக்கு ஆகுமா?"

"ஆகாதுண்ணா. முட்டி இடிக்கும்."

"கஞ்சப் பிசினாறி!" என்று சிரித்தபடி மிதித்தார். கிறீச் சத்தமே இல்லாமல் தெருமுனை வரை போய், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

குட்டி தன் சைக்கிளைக் கூடத்துக்குள், நடுவே, உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.