புகைபோக்கிக்கு மேல் துருவ நட்சத்திரம்

நான் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியை முதன்முதலாக இரவில் பார்த்தது அது மூடிய பிறகுதான். பதினோரு வருடம் அங்கே ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலையில் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறிக் கீழ் கோத்தகிரிப் பக்கம் போவேன், சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இடையில் வானத்தை நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை.

கொழுந்து விலை விழுந்த வருடங்கள் அவை. முதலில் இரவு ஷிஃப்ட் நின்றது. பிறகு வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பழைய ஃபைல்களைப் பிரித்துக் கட்டிவைக்க என்னை மட்டும் இன்னும் சில வாரம் வரச்சொன்னார்கள். நானே அடித்த கடிதங்களை நானே கட்டுக்கட்டாகக் கட்டி, ‘கழிவு’ என்று மேலே எழுதி அடுக்கினேன்.

அந்த வாரங்களில் ஒருநாள் சாயங்கால பஸ் வரவில்லை. வழியில் மரம் விழுந்துவிட்டது என்றார்கள். ஃபேக்டரி வாட்ச்மேன் என்னைத் தன் வீட்டில் வந்து உட்காரச் சொன்னார். டிரையருக்கு விறகு போட்டு இருபது வருடம் வேலை செய்தவர் அவர். சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். ஃபேக்டரி மூடியதும் அவரையே காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். ஃபேக்டரிச் சுவரை ஒட்டிய லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவரும் அவர் மனைவியும் இருந்த அறையில் மட்டும்தான் ஆள். மற்ற அறைக்காரர்கள் எல்லாம் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

“ஸ்டோருல கரண்ட்ட வெட்டிட்டாங்கம்மா. பாத்து நடந்து வாங்க,” என்றார். ஃபேக்டரியை அவர் ஸ்டோரு என்றுதான் சொல்வார்.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போவதாகப் போனில் சொல்லியிருந்தார். அதனால் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு மணி இருக்கும். தகரக் கூரை கறுப்பாக நீண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் உயரமான புகைபோக்கி. அதற்குப் பின்னால், மேலே, பக்கத்தில், எங்கே பார்த்தாலும் நட்சத்திரம். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. இத்தனை நட்சத்திரத்தை நான் பார்த்ததில்லை. அதுவரை ஃபேக்டரி விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் அங்கே இருந்தவர்களும் பார்த்திருக்க முடியாது.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டேன். “ஏனுங்க, உங்க கேமராவுல ராத்திரி வானத்தப் புடிக்க முடியுமுங்களா?”

வீட்டுக்காரர் கோத்தகிரி பஜாரில் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணம், காதுகுத்து. அந்த வருடம் கல்யாணங்களும் குறைந்துபோய்க் கேமரா பெரும்பாலும் பீரோவில்தான் கிடந்தது.

“ஃப்ளாஷ் அவ்வளவு தூரம் போகாது,” என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். “ஷட்டர ‘பி’ல வெச்சா அமுக்கற வரைக்கும் தொறந்தே இருக்கும். ஆனா அத்தன நேரம் ஆரு அங்க நிக்கறது?”

“நான் நிக்கறனுங்க.”

டவுன் லைப்ரரியில் ஒரு பழைய அறிவியல் பத்திரிகையில் படம் ஒன்று கிடைத்தது. வானத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருந்தன. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும், அது மட்டும் அதிகம் நகராது, மற்றதெல்லாம் அதைச் சுற்றும் என்று எழுதியிருந்தது. நம் ஊரில் அது வடக்கே தாழ்வாகத்தான் தெரியும். அதைப் படித்ததுமே எனக்கு என்ன படம் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. புகைபோக்கியின் நுனியில் துருவ நட்சத்திரம் நிற்க வேண்டும்.

கேட்டவர்கள் எல்லாம் எதற்கு என்றார்கள். என் தங்கை மேட்டுப்பாளையத்திலிருந்து போனில், “வேல போனதுல உனக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சா?” என்றாள். பதினோரு வருடம் செய்த வேலையெல்லாம் கழிவுக் காகிதமாகிக் கொண்டிருந்தது. ஒன்றையாவது தொடங்கி ஒழுங்காக முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்திருந்தது. அதைத் தங்கையிடம் சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவாள் என்று பேச்சை மாற்றினேன்.

கார்த்திகை கடைசியில் ஒருநாள் இருட்டும் நேரத்தில் வாட்ச்மேனோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே தெற்குப் பக்கமாகச் சரிவில் இறங்கினேன். பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தேன். நட்சத்திரம் புகைபோக்கியைவிட உயரத்தில் இருந்தது. இறங்க இறங்கத் தாழ்ந்துகொண்டே வந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் நின்றபோது சரியாக நுனியில் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தில் மூன்று கல்லை வைத்து அடையாளம் பண்ணினேன்.

முதல் தடவை மூடுபனி. ஒன்பது மணிக்கு வந்து பன்னிரண்டு வரை நகரவில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே நானும் வீட்டுக்காரரும் திரும்பினோம். இரண்டாவது தடவை நான் மட்டும் போய் லயத்தில் தங்கிக்கொண்டேன். ஷட்டரைத் திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் குளிரில் விறைத்துப்போயிருப்பேன் என்று கவலைப்பட்டு வாட்ச்மேன் பெரிய டார்ச்சோடு தேடி வந்தார். வெளிச்சம் நேராக லென்ஸில் அடித்தது.

“என்னம்மா, கெடுத்துட்டனா?”

“இல்லீங்கண்ணா,” என்றேன். ஆனால் கெட்டுத்தான் போயிருந்தது.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஷட்டரை மூடிவிட்டு லென்ஸைத் தொட்டுப் பார்த்தால் ஈரம். பனி இறங்கி மூடியிருந்தது. ஃபிலிமைக் கழுவியபோது சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு மட்டும் இருந்தது.

வாட்ச்மேன் மனைவிதான் அதற்கு வழி சொன்னார். “லென்ஸுக்குக் குளிருது. அவ்வளவுதானே? உப்ப வறுத்துத் துணில கட்டி ஒத்தடம் குடுங்க,” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா தெரியவில்லை. வீட்டில் செய்து பார்த்தேன். கல்லுப்பைச் சூடாக வறுத்து, பழைய ஸ்வெட்டரிலிருந்து வெட்டிய கைப்பகுதிக்குள் கட்டி, லென்ஸுக்கு அடியில் சுற்றினால் அரை மணி நேரம் பனி ஒட்டவில்லை. அரை மணிக்கு ஒருமுறை கேமரா அசையாமல் மாற்ற வேண்டும். அதையும் இருட்டில் பழகினேன்.

தை அமாவாசையன்று மத்தியானம் வாட்ச்மேனிடமிருந்து போன் வந்தது. இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு வாங்கியவர்கள் புகைபோக்கியையும் அறுக்கப்போகிறார்கள். மறுநாள் காலையிலேயே ஆட்கள் வருகிறார்கள். எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஓர் இரவு.

அந்த இரவு வீட்டுக்காரரும் வந்தார். தெளிந்த வானம். புல்லில் உறைபனி பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்பதரைக்கு ஷட்டரைத் திறந்து, பொத்தான் அமுங்கியபடியே நிற்க, கேமராவில் திருகியிருந்த ஷட்டர் கேபிளைப் பூட்டினேன். முதல் உப்புக் கட்டு சுற்றியாயிற்று. நாங்கள் இருவரும் கொட்டகைக்குள் நின்றோம். அடுத்த கட்டை வாட்ச்மேன் மனைவி அடுப்பில் வறுத்து எடுத்துவருவதாக ஏற்பாடு. வழி அவருக்குப் பழக்கமானது என்பதால் விளக்கில்லாமல்தான் வருவார்.

கொஞ்ச நேரத்தில் செடிகளுக்குள் சரசரவென்று சத்தம். வீட்டுக்காரர் என் கையை அழுத்தினார். காட்டெருமை. கேமராவுக்கும் லயத்துக்கும் நடுவே போகும் பாதையில் ஏறி நின்றது. அதன் மூச்சு எங்களுக்குக் கேட்டது. அதே நேரம் மேலே லயத்துக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது.

கத்தினால் எருமை மிரண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. டார்ச் அடித்தால் படம் போகும். இதை யோசித்ததாகக்கூட நான் சொல்ல மாட்டேன். கை தானாக டார்ச்சை எடுத்து, எருமையின் தலைக்கு மேலாக, ஃபேக்டரிச் சுவர் ஓரம் வந்துகொண்டிருந்த வாட்ச்மேன் மனைவி மேல் வெளிச்சத்தைப் போட்டது. அவர் புரிந்துகொண்டார். உப்புக் கட்டை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றார். வெளிச்சத்தை எடுக்க எனக்குப் பயம். எருமை ஒருமுறை தலையைத் திருப்பியது. பிறகு ஓடைப் பக்கம் மெதுவாக இறங்கிப் போய்விட்டது.

டார்ச்சை அணைத்தேன்.

“போச்சு. மூடிட்டுப் புதுசா ஆரம்பிச்சரலாமா?” என்றார் வீட்டுக்காரர். நட்சத்திரம் நகர்ந்த தூரமெல்லாம் அந்த ஃபிலிமில்தான் ஏறிக்கொண்டிருந்தது. இனித் தொடங்கினால் பனி மூட்டம் வருமா, வராதா, தெரியாது.

“இல்லீங்க. இதையே ஓட்டலாம்,” என்றேன்.

பதினொன்றரைக்குத்தான் மூடினேன். விடிந்ததும் காஸ் கட்டரோடு ஆட்கள் வந்தார்கள். மதியத்துக்குள் புகைபோக்கி மூன்று துண்டாகத் தரையில் கிடந்தது.

இந்தத் தடவை போட்டது கலர் ஃபிலிம் என்பதால் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து நெகட்டிவ் மட்டும் திரும்பி வந்தது. கவருக்கு மேலே, ‘கீறல், பிரிண்ட் போடவில்லை’ என்று எழுதியிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன்.

கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். “ஃபிலிம் பூராக் கீறல் உளுந்திருக்குதுங்க. நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

“கீறல் இப்படி வட்டமா உளுகுமுங்களா?” என்று கேட்டேன்.

அவர் நெகட்டிவை வாங்கி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். “இருங்க, ஒரு மணி நேரம். பெருசாவே போட்டுத் தாரனுங்க,” என்றார்.

படத்தை நான் நின்றபடியே பார்த்தேன். கறுப்பான புகைபோக்கி. அதன் நுனியில் ஒரு சின்னக் கோடாகத் துருவ நட்சத்திரம். அதைச் சுற்றி வளைவு வளைவாக வெள்ளை, நீலம், ஓரிடத்தில் ஆரஞ்சு. கீழே சுவர் ஓரத்தில் மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு பெண் எதையோ அணைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் நினைத்திருந்த படத்தில் ஆள் இல்லை. ஆளோடு அது நன்றாக இருந்தது.

இரண்டு பிரதி போட்டு ஒன்றை அவர்களிடம் கொண்டுபோனேன். அறையில் பாதிச் சாமானைக் கட்டியிருந்தார்கள். காவல் காக்க இனி ஒன்றும் இல்லை என்பதால் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போகிறார்களாம். வாட்ச்மேன் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புகைபோக்கியை விரலால் தடவினார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

“இது நானா? மூஞ்சியே தெரியலயே.”

“நீங்க அசையாம நின்னதாலதானுங்கக்கா இவ்வளவாவது உளுந்துச்சு.”

“பயத்துல நின்னேன்,” என்றார். பிறகு படத்தை வாங்கி, சேலைகளுக்கு நடுவில் மடங்காமல் வைத்துப் பெட்டியை மூடினார்.

அடுத்த மாதம் குன்னூர் பக்கம் மூடிக்கிடந்த இன்னொரு ஃபேக்டரியின் கேட்டுக்கு முன்னால் நின்றேன். அங்கே இருந்த காவல்காரருக்கு என்னைத் தெரியாது. ராத்திரி உள்ளே வர வேண்டும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

“எதுக்கும்மா?”

இந்த முறை பையில் காட்டுவதற்குப் படம் இருந்தது.