இரண்டாவது ஆள்

கப்பலில் வர வேண்டியிருந்ததால் பார்சல் ஆடி அசைந்துதான் வந்து சேர்ந்தது. இரண்டு ரிமோட் வைத்த பழைய மாதிரி டிவி கேம். அட்டையைக் கிழித்ததும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதை மோந்து பார்த்தேன். புது பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. அரிசி வாசனை இல்லை.

சிரிக்காதீர்கள். நான் வளர்ந்த தீவு ஊரான மாயாபந்தரில் வீடியோ கேம் என்றால் அரிசி வாசனைதான். பாதி வருடம் மழை, மீதி வருடம் உப்புக்காற்று. பீரோவுக்குள் பல்பு எரியவிட்டுத் துணிகளைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றுகிற ஊர். கேம் கேசட்டின் உலோகப் பற்களை இரண்டு வாரம் சும்மா விட்டால் பச்சை பூத்துவிடும். அதனால் பக்கத்து குவார்ட்டர்ஸ் மிட்டு, கேசட்டுகளையெல்லாம் அவள் வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பாள். விளையாட வேண்டுமென்றால் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும்.

மிட்டு வங்காளிப் பெண், என்னைவிட ஒரு வகுப்பு மேலே. அவளுடைய வங்காள மொழி எனக்குத் தெரியாது, என் ராமநாதபுரத்துத் தமிழ் அவளுக்குத் தெரியாது. ஊர் முழுக்கப் பேசிய இந்தியில்தான் எங்கள் சண்டையும் சமாதானமும். அவள் அம்மாவை மாஷி என்று கூப்பிடுவேன். மழை வலுத்துக் கரண்ட் போன ஒரு சாயங்காலம் மாஷி டிரம்மைச் சாய்த்து, அடியில் கிடந்த அரிசியை இருட்டிலேயே பாத்திரத்தில் கொட்டிக் களைந்தார். கையில் தட்டுப்பட்டதை எடுத்துப் பார்த்தால் நாங்கள் ஆடும் சிப்பாய் விளையாட்டு கேசட். கொஞ்சம் அசந்திருந்தால் எங்கள் இரண்டு சிப்பாய்களும் கஞ்சியோடு வெந்திருப்பார்கள். வெயில் அடித்ததும் வடாம் மாதிரி அதை முற்றத்தில் காயவைத்தோம். ஆச்சரியம், ஓடியது. ஆனால் நீலச் சட்டை சிப்பாய் பச்சையாகிவிட்டான், சத்தம் மொத்தமும் போய்விட்டது. அதற்குப் பிறகு துப்பாக்கிச் சத்தத்தையும் குண்டு வெடிப்பதையும் நாங்களே வாயால் போட்டு விளையாடினோம். மாஷி அடுப்படியிலிருந்து, கேம் ஊமையானாலும் நீங்கள் ஆகவில்லையே என்று இந்தியில் அலுத்துக்கொள்வார்.

என் அம்மாவுக்கு இது எதுவுமே பிடிக்காது. "பொட்டப்புள்ளக ரெண்டும் வாயால டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டு. போற வீட்டுலயும் இதத்தான் செய்வியா?" என்பாள். போன வீட்டிலும் இதைத்தான் செய்கிறேன் என்று இப்போது அவளுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

அந்த விளையாட்டில் ஒரு மலை வரும். இரண்டு சிப்பாய்களும் பாறைக்குப் பாறை தாவி ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே போய்விடும். கீழே நிற்பவன் திரையின் அடி விளிம்பில் விழுந்து சாவான். எதிரி யாரும் சுட வேண்டியதில்லை, கூட்டாளி முந்திப் போனாலே போதும்.

நானோ எதையும் இரண்டு தடவை யோசித்துவிட்டு, செய்தபிறகு மூன்றாவது தடவை வருத்தப்படுகிற ஜாதி. சின்னப் பாறைக்குத் தாவுவதற்கே நாள் பார்ப்பேன். மிட்டு முதல் நாள் என்னைக் கொன்றாள், மறுநாளும் கொன்றாள். பிறகு அவளே கற்றுக்கொண்டாள். மேல் பாறையில் ஏறியதும் அப்படியே நிற்பாள். சுற்றிலும் குண்டு வரும். குனிவாள், குதிப்பாள், பாறையை மட்டும் விடமாட்டாள். "ஆ ஜா. மை கடீ ஹூம்" என்பாள். வா, நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவள் முழங்கை மட்டும் என் விலாவில் இடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டிலோ பள்ளியிலோ யாரும் எனக்காக அப்படி நின்றதில்லை. எல்லோரும் சீக்கிரம், சீக்கிரம் என்றவர்கள்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் என் மகள் யாழினியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வீடியோ கேம் பிள்ளைகளைச் சுயநலமாக்குகிறது, காத்திருக்கும் பழக்கமே போய்விடுகிறது, வீட்டில் அடியோடு நிறுத்துங்கள் என்றார் வகுப்பு ஆசிரியை. நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போதுதான் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் அடுத்த கப்பலில்தான் வரும்.

ஆசிரியை சொன்னது முழுப்பொய் இல்லை. யாழினி என் போனில் ஒரு சண்டை விளையாட்டு ஆடுவாள். அதிலும் இரண்டு பேர்தான். ஒருநாள் கூட்டாளி திடீரென்று மறைந்துபோனான். யாருடி அது என்றேன். "தெரியாதும்மா. யாரோ. நெட் போயிருக்கும்" என்றாள். அடுத்த நொடி வேறு யாரோ வந்துவிட்டான். அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. விளையாட்டு கெட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் பக்கத்தில் யாரும் இல்லாததுதான் கெட்டதாகத் தோன்றியது. அன்றைக்கே ஆர்டர் போட்டேன். போட்டதும் ரத்து செய்யலாமா என்று யோசித்தேன், அது வேறு விஷயம்.

பார்சல் வந்த அன்று என் கணவர் டப்பாவைப் பார்த்தார். "மிஸ் என்ன சொன்னாங்க, நீ என்ன வாங்கிட்டு வந்து நிக்கிற?"

"மிஸ் சொன்னது எனக்கும் கேட்டுச்சு," என்றேன். "நம்ம பக்கத்துல ஒருத்தர் நிக்கிறதுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியணும். எனக்கு இதுலதான் தெரிஞ்சுது." இந்தத் தடவை தலையாட்டாமல் சொல்லிவிட்டேன்.

டிவியில் மாட்டினோம். யாழினி ஒரு ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். மாடி வீட்டில் அவள் வயதில் ஒரு தெலுங்குப் பெண் இருக்கிறாள். அவள் அம்மாவுக்குப் போன் செய்து, மகளைக் கொஞ்ச நேரம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். இன்றைய ஸ்கிரீன் டைம் முடிந்துவிட்டது தீதி, சனிக்கிழமை பார்க்கலாம், முன்னாடியே மெசேஜ் போட்டுவிடுங்கள் என்றாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. என்னைப்போலவே பயந்துகொண்டிருக்கும் இன்னொரு அம்மா, அவ்வளவுதான்.

"யாரும் வரலன்னா போன்லயே விளையாடுறேன்மா," என்றாள் யாழினி.

மாயாபந்தர் குவார்ட்டர்ஸில் ஜன்னலில் நின்று ஆள் வேண்டும் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை செருப்புகூடப் போடாமல் ஓடிவரும். எந்த மொழி வீடு என்று யாரும் கேட்டதில்லை. எத்தனை மணிக்குத் திரும்ப அனுப்புவீர்கள் என்றும் கேட்டதில்லை. மிட்டுவின் அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் கல்கத்தா கப்பல் ஏறினார்கள். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. ஓடிவந்த பிள்ளைகளெல்லாம் இன்று எங்கெங்கோ யாருக்கோ அம்மாவும் அப்பாவுமாக இருப்பார்கள்.

அடுப்பை அணைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு யாழினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நீயா?" என்றார் கணவர்.

"ஆமா, நான்தான்."

இனி கூப்பிட்டால் ஓடிவர யாரும் இல்லை என்று தெரிந்துதான் அந்த இரண்டாவது ரிமோட்டை எடுத்தேன்.