வலியுல்லா தைத்த பட்டு வலை

கச்சேரி ரோட்டில் தையல் கடை வைத்திருந்த வலியுல்லாவுக்கு மயிலாப்பூர் வக்கீல்களில் பாதிப் பேரின் தோள் அளவு மனப்பாடம். அவர் தைத்த கறுப்புக் கோட்டை ஒருமுறை போட்டவர்கள் வேறு கடையைத் தேடிப் போனதில்லை. தொழிலில் அவருக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. அவர் வயிறு எரிந்ததெல்லாம் ஒரே ஒருவனைப் பார்த்துத்தான். அவன் அவர் மனைவி சகினாவின் தம்பி, மெஹபூப் அலி.

மெஹபூப் இருபது வயதில் அவரிடம்தான் தொழில் கற்க வந்தான். எட்டு மாதமாகியும் ஒரு பொத்தான் காஜாகூட அவனுக்கு நேராக எடுக்க வரவில்லை. அலுத்துப்போன வலியுல்லா, கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த கல்லூரிப் புரொபசர் ஒருவரிடம் சொல்லி, அவனை விலங்கியல் சோதனைச்சாலையில் அட்டெண்டராகச் சேர்த்துவிட்டார். குடுவை கழுவும் வேலை. ஒருவழியாகத் தள்ளிவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாக டீ குடித்தார்.

1932-ல் அந்தப் புரொபசர் சாந்தோம் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஆராயத் தொடங்கினார். வாரத்துக்கு ஒருநாள் கடலுக்குப் போய் அவற்றை அரித்து எடுத்துவர ஓர் ஆள் வேண்டும். கூட இருந்தவர்களுக்கெல்லாம் கட்டுமரத்தில் ஏறினாலே குமட்டியது, மெஹபூபுக்குக் குமட்டவில்லை. நொச்சிக்குப்பத்து மண்ணாங்கட்டியின் கட்டுமரத்தில் அவன் போகலானான். அதற்கு வேண்டிய வலையைத் தைக்கும் வேலை அவன் மூலமாகவே வலியுல்லாவிடம் வந்தது. அதுவே அவருக்கு முதல் உறுத்தல்.

மாவு சலிக்கும் ஆலைகளுக்காக நெய்த சீமைப் பட்டு அது. கண்ணுக்கே தெரியாத துளைகள். அதைக் கூம்பாக வெட்டி, வாயில் பித்தளை வளையமும் நுனியில் ஒரு புட்டியும் பொருந்தும்படி தைக்க வேண்டும். ஊசி ஓர் இழை தப்பினாலும் பிடித்ததெல்லாம் அந்த வழியே போய்விடும். வலியுல்லா மூன்று நாள் வேறு எதையும் தொடாமல் தைத்துக் கொடுத்தார். புரொபசர் கடைக்கே வந்து பார்த்து, அருமை என்றார். அந்த ஒரு சொல்தான். பிறகு மெஹபூப் பக்கம் திரும்பி, போன வாரம் புட்டியில் என்னென்ன இருந்தன என்று கேட்கத் தொடங்கினவர் அரைமணி நேரம் பேசினார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வலியுல்லா நின்றுகொண்டே இருந்தார்.

ரம்ஜானுக்கு உறவுக்காரர்கள் கூடினால் எல்லாரும் மெஹபூபைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். ஒற்றைக் கண்ணோடு, மீசை போன்ற இரண்டு கொம்புகளை வீசி நீந்தும் பூச்சிகளைப் பற்றி அவன் சொல்வான். ஒரு குவளைக் கடல்தண்ணீரில் நூறு இருக்கும் என்பான். அவன் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்வதைப் புரொபசரே எழுதிக்கொள்கிறாராம் என்று சகினா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு வலியுல்லா ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். காஜா எடுக்கத் தெரியாத பயல் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வார்.

1935-ல் பழைய வலை நைந்துபோக, புது வலைக்குத் துணி வந்தது. வலியுல்லா மேலெல்லாம் ஒழுங்காகத் தைத்தார். புட்டிக்குச் சற்று மேலே, நாலு விரற்கடை நீளத்துக்கு, கோட்டை அளவு பார்த்துவிட்டுப் பிரித்துவிடும் கச்சாத் தையலைப் போட்டார். அது தெரியாமல் வெளியே நாடா வைத்து மூடினார்.

அந்த வாரம் புட்டியில் ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான் வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. நீ கடலுக்கே போகாமல் கரையில் படுத்துத் தூங்கியிருக்கிறாய் என்று மாணவர்கள் முன்னால் புரொபசர் மெஹபூபைத் திட்டி, அவன் கையிலிருந்த குறிப்பு நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். சகினா அழுதுகொண்டே இதைச் சொன்னபோது வலியுல்லா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

பிறகு மெஹபூப் வீட்டுப் பக்கமே வரவில்லை. சகினா நச்சரிக்கவே, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வலியுல்லா குப்பத்துக்குப் போனார். கரையில் வலையை இழுத்துப் போட்டிருந்தார்கள். மீனைக் காணோம். மணலெல்லாம் நுங்கை உரித்துக் கொட்டினாற்போல் சொறிமீன். தொட்டால் அரித்துத் தடித்துப்போகும் அந்தக் கூழை மட்டையால் தள்ளிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி, "இன்னான்னு சொல்றது பாய். ஒரு மாசமா இழுத்தா சொறிதான் வருது. கவலை மீனு எங்க போச்சுன்னே தெரியல," என்றான்.

மெஹபூப் ஒரு சொறிமீனை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் முழங்கை வரை சிவந்து வீங்கியிருந்தன. அக்காவின் கணவரைக் கண்டதும் எழுந்து சலாம் சொன்னான்.

"தூலாபாய், மொத ரெண்டு வாரம் ஒண்ணும் சிக்காததுக்கு உங்க தையல்தான் காரணம். உங்க பக்கத்துல எட்டு மாசம் குந்திக்கினு இருந்தவன் நானு. கச்சா எது, கெட்டித் தையல் எதுன்னு தெரியாதா?"

பிரிந்த இடத்தைத் தானே தைத்துவிட்டதாகவும், அந்த இரண்டு வாரத்தையும் குறிப்பிலிருந்து அடித்துவிடும்படி புரொபசரிடம் சொன்னதாகவும் மெஹபூப் சொன்னான். அதற்குப் பிறகும் புட்டியில் பழையதில் கால்வாசிகூட வருவதில்லை. மீன் தின்னவேண்டிய பூச்சிகளை இந்தச் சொறிதான் தின்றுதீர்க்கிறது. இதன் வயிற்றில் மீன் முட்டைகளும் இருக்கின்றன. தீனியும் போய் முட்டையும் போனால் மீன் எங்கிருந்து வரும்? புரொபசரிடம் காட்டியாகிவிட்டது, நோட்டும் திரும்பி வந்துவிட்டது என்றான்.

"வலை எப்படிக் கிழிஞ்சதுன்னு கேக்கலையா?" என்றார் வலியுல்லா.

"கட்டுமரத்துல உரசிட்டேன்னு சொன்னேன். உண்மையச் சொன்னா வேற எவன்கிட்டயாச்சும் குடுத்துடுவாரு. இந்தப் பட்டுத் துணிய உங்களுக்குத்தான் தைக்க வரும். எனக்கு வலை வோணும்."

அவன் கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் வலியுல்லாவும் பதிலுக்குப் பேசியிருப்பார். அவனோ மறுபடி குனிந்து சொறிமீனின் வயிற்றைக் கழுவத் தொடங்கிவிட்டான். மண்ணாங்கட்டி ஆட்களைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொன்னான். அவர்களும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். வெட்கத்தில் குறுகி நின்ற அந்த நேரத்திலும், இவனைச் சுற்றித்தானா எங்கும் கூட்டம் கூடவேண்டும் என்றுதான் வலியுல்லாவுக்குத் தோன்றியது.

மிச்சப் பட்டில் இரண்டே நாளில் இன்னொரு வலை தைத்துக் கொடுத்தார். அதற்குப் பின் நாலு வருஷத்தில் தைத்த எந்த வலையிலும் ஓர் இழை பிசகவில்லை. மெஹபூப் சகினாவிடம் கடைசி வரை ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவும் வலியுல்லா அவனை மன்னிக்கவில்லை.

சொறிமீன் வந்த வருஷத்தைப் பற்றிப் புரொபசர் எழுதிய கட்டுரை 1938-ல் இங்கிலீஷில் சிறு புத்தகமாக வந்தது. சகினா அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். ஒருநாள் வலியுல்லா அதைக் கடைக்கு எடுத்துப்போய், கோட்டுக்கு வந்த ஒரு வக்கீலிடம் படித்துக்காட்டச் சொன்னார். உயிரினங்களைச் சேகரித்துத் தந்த மெஹபூப் அலிக்கு நன்றி என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் வலையின் படம். தையல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

"படத்துக்குக் கீழ பேரு எதாவது போட்டுக்கீதா, சார்?"

வலையின் நீளமும் அகலமும்தான் போட்டிருக்கிறது என்றார் வக்கீல்.

"இன்னொரு தபா பாருங்க, சார்."

வக்கீல் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வலியுல்லா புத்தகத்தை வாங்கி மூடிவைத்துவிட்டு, நாடாவை எடுத்து அவர் தோளை அளக்க ஆரம்பித்தார்.