தம்பியின் உச்சிக்குழி

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எலும்பு என்றால் கை கால் மாதிரி நீளமாக இருக்கும், தலை மட்டும் குடம் போல ஒரே துண்டு என்று நினைத்திருந்தேன்.

பாலக்கரை வீட்டில் தம்பி பிறந்து மூன்று மாதம். அம்மா தெருக்குழாய்க்குப் போகும்போது என்னைத் தூளி ஆட்டச் சொன்னாள். வேகமாக ஆட்டிவிட்டேன். தூளி சுவரில் மோதியது. வீரிட்டு அழுத தம்பி சற்று நேரத்தில் அடங்கிவிட்டான். தலையைத் தடவிப் பார்த்தேன். உச்சியில் எலும்பே இல்லை. மெத்தென்று ஒரு பள்ளம், அதற்குள் ஏதோ துடித்தது. உடைத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன்.

யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் நான்கு நாள் அவன் பக்கத்திலேயே கிடந்தேன். யாராவது தலையைத் தொட வந்தால் என் கையை முந்தி வைத்தேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் பெரியம்மா வந்தார். நீட்டிய கால்மேல் அவனைப் போட்டு, உச்சியில் விளக்கெண்ணெய் ஊற்றி உள்ளங்கையால் அழுத்தினார்.

"அழுத்தாதீங்க பெரியம்மா. அது நான் ஒடச்சது."

பெரியம்மா சிரித்த சிரிப்பில் தம்பி நழுவப் பார்த்தான். "அடி அசடே, எல்லாப் புள்ளைக்கும் உச்சி அப்படித்தான் இருக்கும். ஒனக்கு மூடுனப்பதான் மூளைய உள்ள வெக்க மறந்துட்டாங்க போல."

அந்தப் பள்ளம் எதற்கென்று இப்போது நர்ஸாக இருக்கும் தம்பி மகள்தான் விளக்கினாள். "மண்டை ஒரே எலும்பு இல்ல அத்தை. தட்டையா, தகடு தகடா இருக்கும். பொறக்கறப்ப ஒன்னு மேல ஒன்னு ஏறிக் குடுத்தாதான் தலை வெளிய வரும். அப்புறம் மூளை வளர எடம் விட்டு மெதுவா சேரும்." தகட்டின் இரண்டு பக்கமும் கெட்டியாம், நடுவில் பஞ்சு மாதிரியாம். நெஞ்செலும்பும் தோள்பட்டை எலும்பும் அதே வகையாம், நெஞ்செலும்புக்குள் ரத்தம்கூட ஊறுமாம்.

அம்மா மட்டும் அன்று சிரிக்கவில்லை. எப்படி உடைத்தாய் என்று கேட்டாள். தூளி மோதியதைச் சொன்னேன். திட்டவில்லை. தம்பியைத் துவட்டித் துண்டில் சுற்றிக்கொண்டு, "ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று பஸ் ஏறினாள்.

சாயங்காலம் திரும்பியபோது கையில் பிரசாதம் இல்லை, துளசி இல்லை. தம்பிமேல் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. அவனை என் மடியில் போட்டு, "பாத்துக்க" என்றாள்.

கோயிலுக்குப் போய்விட்டு எனக்கு ஒரு பொரி உருண்டைகூட வாங்கி வரவில்லையே என்று, அன்றைக்கு நான் அவளோடு பேசவே இல்லை.