தங்கப்பாண்டியின் கைதட்டல்

போன வாரம் கவிதா போன் செய்தாள். என்னோடு பதினாறு வருடம் கல்யாண வீடியோ எடுத்த தங்கப்பாண்டியின் மகள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மண்டபத்துத் திரையில் அப்பாவைக் காட்ட வேண்டுமாம்.

"ஃபோட்டோ நெறையா இருக்கு மாமா. அப்பா நடக்குறது, பேசுறதுன்னு ஒண்ணுமே இல்ல. உங்ககிட்ட இல்லாம வேற எங்கன இருக்கப்போகுது?"

"இருக்கும்த்தா, எடுத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதுமே வாய் முந்திக்கொள்ளும்.

தங்கப்பாண்டி போன ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டான். எடிட்டிங் செய்யும்போது அவன் உட்காரும் நாற்காலியை நான் இன்னும் நகர்த்தவில்லை. அதன் மேல்தான் துணி காயப்போடுகிறேன்.

பரணில் இருந்து டிவிடி பெட்டியை இறக்கினேன். திறந்ததும் பழைய பிளாஸ்டிக் உறையின் வாடை. அந்த வாடை வந்தாலே எனக்கு, நாங்கள் முதலில் எடிட்டிங் செய்த பழனிசெட்டிபட்டி மாடியறை ஞாபகம் வந்துவிடும். ஒரே கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, கீழே டீக்கடை. எங்கள் இருவர் கேமராவுக்கும் ஜென்மப்பகை. என்னுடையது எல்லாவற்றையும் மஞ்சளாக்கும், அவனுடையது நீலமாக்கும். இரண்டையும் சேர்த்தால், அரக்குப் பட்டு கட்டிய பெண் மாலை வாங்கும்போது ஒரு நிறத்திலும் போடும்போது வேறு நிறத்திலும் இருப்பாள். சுருளிப்பட்டியில் அதைப் பார்த்த ஒரு அம்மா, "மணவறையிலேயே சேல மாத்துனாளாக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு கீழே டீக்கடை வரை கேட்டிருக்கும்.

நிறத்தையாவது ஒருமாதிரி சரிக்கட்டிவிடலாம். நேரம்தான் பெரிய பாடு. என் கேமரா அய்யர் தேங்காய் உடைப்பதைக் காட்டும்போது அவன் கேமரா எந்த நொடியில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கைதட்டல். இரண்டு கேமராவையும் ஓடவிட்டு, தங்கப்பாண்டி நடுவே வந்து நின்று, ஓங்கி ஒரு தட்டு தட்டுவான். இரண்டு கேமராவிலும் பதிவான அந்தத் தட்டைக் கம்ப்யூட்டரில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துவிட்டால், அதற்குப் பிறகு எல்லாம் சேர்ந்து ஓடும். சேர்ந்ததும் முதல் வேலையாகத் தட்டலை வெட்டிவிடுவேன்.

இன்னொன்றையும் வெட்டுவேன். ஒரு கேமராக்காரன் இன்னொரு கேமராவில் தெரியக் கூடாது என்பது எங்கள் சட்டம். என் படத்தின் ஓரத்தில் அவன் தோள் தெரிந்தால் உடனே அவன் எடுத்த காட்சிக்குத் தாவிவிடுவேன். அதில் நான் தெரிந்தால் என்னுடையதற்கு. எடுத்த டேப்பிலேயே அடுத்த கல்யாணத்தையும் எடுப்போம், அதனால் வெட்டியது எதுவும் மிஞ்சாது. எவ்வளவு சுத்தமான எடிட்டிங் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மூன்று நாள் ஒவ்வொரு டிவிடியாகப் போட்டுப் பார்த்தேன். யார் யாருடைய பெரியம்மாவோ வந்தார்கள். பந்தியில் அப்பளம் நொறுக்கியவர்கள் வந்தார்கள். தங்கப்பாண்டி வரவில்லை. ஒரு தோள் இல்லை, ஒரு கை இல்லை. பதினாறு வருடமாக அவனை நானே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து நீக்கியிருக்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு அழுதேன். கேட்க ஆள் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே அழுதேன்.

அப்புறம்தான் குச்சனூர்க் கல்யாணம் ஞாபகம் வந்தது. தாலி கட்டும் நேரத்தில் அவன் கேமரா பேட்டரி தீர்ந்துபோனது. மாற்றியதும், மறுபடி சேர்க்க வேண்டுமே என்று மணவறைக்கு முன்னால் ஓடிவந்து ஒரு தட்டு தட்டினான். நடுவில் வந்த அந்தத் தட்டலை வெட்ட நான் மறந்துவிட்டேன். பெண்ணின் அப்பா டிவிடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தாலி கட்டப்போற நேரத்துல இந்தாளு எதுக்கு நடுவுல நின்னு கைதட்டுறாரு? பாத்தவுக எல்லாம் கேக்குறாக!"

மன்னிப்புக் கேட்டு வேறு போட்டுக் கொடுத்தோம். ஒரு வாரம் தங்கப்பாண்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கைதட்டினான்.

அவர் திருப்பித் தந்த அந்த டிவிடி பெட்டியின் அடியில் உறையில்லாமல் கிடந்தது. கீறல்களில் தடுக்கித் தடுக்கி ஓடியது. நாலு நொடி. வேர்த்து ஓடிவருகிறான், தட்டுகிறான், நேராகப் பார்த்துச் சிரிக்கிறான், போய்விடுகிறான். அதைத் தனியே எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா யாரப் பாத்து அப்பிடிச் சிரிக்கிறாக?"

"எதுத்தாப்புல கேமரா இருந்துச்சுல்லத்தா, அதப் பாத்துதான்" என்றேன். அந்தக் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் நான்.

அவள் கல்யாணத்துக்கு நாலு கேமராவாம். எடிட்டிங் செய்யப்போகிறவரிடம், நாலையும் எப்படித் தம்பி சேர்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"சத்தத்த வச்சுக் கம்ப்யூட்டரே சேத்துக்கிரும்ணே. யாரும் நடுவுல வந்து நிக்க வேண்டியதில்ல" என்றார்.