சிக்கிக்கொண்ட பின்னல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில், கறம்பக்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் தை மாதம் பெண்கள் பின்னல் கோலாட்டம் ஆடுவோம். உயரத்திலிருந்து தொங்கும் எட்டுக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, மறு கையில் கோலோடு, நான்கு ஜோடிகள் எதிரும் புதிருமாகச் சுற்ற வேண்டும். எதிரே வருகிறவளை ஒருமுறை குனிந்து உள்ளே கடந்தால் அடுத்தவளை வெளியே கடக்க வேண்டும். கயிறு சடையாகப் பின்னிக்கொண்டே வரும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடினால் அவிழும். அவிழாமல் சிக்கினால் ஊருக்கு ஆகாது என்பார்கள்.

எனக்கு ஜோடி, குளத்தூரிலிருந்து அடுத்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ஊரில் இடப்பக்கம் தொடங்குவார்களாம். அதை மறக்கடிக்க ஒரு மாதம் பழக்கினேன். அவளை ஆட விடுவதற்கே மாமியாரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்த ஒரு மாதத்தில்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பின்னல் அழகாக இறங்கியது. திரும்பும் இடத்தில் வெளியே போக வேண்டிய நான், கூட்டத்தில் யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று கவனித்த மிதப்பில் குனிந்து உள்ளே போய்விட்டேன். எதிரே வந்தவள் அவள்தான். பார்த்துவிட்டாள். அடுத்த சுற்றில் கயிறு முடிச்சாக இறுகி எல்லாரும் நின்றோம்.

"யாருடி பிசகுனது?" என்று அவள் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வேற யாரு? குளத்தூருக்காரிதான். அவுக ஊரு ஆட்டத்தை இங்கிட்டு வந்து ஆடிட்டா" என்றாள் ஒருத்தி.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்குப் பார்த்து அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. மாமியார் அவள் கையிலிருந்த கோலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு இழுத்துப் போனார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வெட்கங்கெட்டவள் நான், எல்லாரோடும் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன்.

அடுத்த வருடம் ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கிணற்றடியில் அவளே வந்து கேட்டாள்.

"இந்த வருசமாச்சும் என்னையச் சேத்துக்கங்கக்கா. நீங்க சொன்னா அத்தை விடுவாக. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்."

"ஆளு நெறஞ்சிருச்சே" என்றேன்.

அப்போது ஏழு பேர்தான் சேர்ந்திருந்தோம். அவள் வந்து பிசகில்லாமல் ஆடிவிட்டால், போன வருடம் பிசகியது யார் என்று ஊர் என் பக்கம் திரும்பிவிடுமே என்று எனக்குப் பயம்.